அம்பு ஒட்டுகிறவள்

ஒரு நாள் என் டீ கிளாஸில் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருந்தது. கிளாஸை எடுத்து உற்றுப் பார்த்தேன். அம்பின் முனை காட்டிய இடத்தில், விளிம்புக்குச் சற்றுக் கீழே, மயிரிழை போல ஒரு விரிசல். இரண்டு வருஷமாக நான் அந்த கிளாஸில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் பட்டதில்லை. ரிப்போர்ட் கொடுக்க வந்து அரை நிமிஷம் நின்றவள் கண்ணில் பட்டிருக்கிறது.

எனக்கு அவள் அறிமுகமானது இப்படித்தான். ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு ஷூ ஃபேக்டரியில் நான் அப்போது வேலை பார்த்தேன். சாம்பிள் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெளிநாட்டிலிருந்து வரும் மெயில்களை எடுத்துக் கொடுப்பதும் படங்களை அனுப்புவதும் வேலை. பி.காம். படித்திருந்தேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். எங்கள் சர்ச் சபையில் பாதிக் குடும்பங்களுக்கு இதே கதைதான். அவள் ஃபைனல் செக்கிங் டேபிளில் நிற்பவள். நாட்றம்பள்ளிப் பக்கத்தில் ஒரு கிராமம், பன்னிரண்டாம் வகுப்பு பாஸ், நாலு வயசில் ஒரு மகள், வீட்டில் மாமியார். புருஷன் பெங்களூரில் கட்டிட வேலை. மாதம் ஒருமுறை வந்துபோவார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயசு. நான் ஏ.சி. ரூமில் இருந்ததால் என்னை ‘மேடம்’ என்று கூப்பிடுவாள். ஆனால் அடுத்த வார்த்தையே ‘நீ’ என்று வரும்.

தைத்து ஒட்டி முடித்து வரும் ஷூவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் நகக்கண் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை. நூல் பிசிறு, பசை வழிந்த தடம், தோலில் கீறல், ஒரு கால் கொஞ்சம் கறுப்பு, மறு கால் கொஞ்சம் வெளுப்பு. அம்பு ஒட்டியது திரும்பிப் போகும். ஒட்டாதது பெட்டிக்குள் போகும். செக்கிங் டேபிளில் ஒரு சட்டம் உண்டு. குறையைப் பார்த்தும் அம்பு ஒட்டாமல் விட்டால், அந்தக் குறை தைத்தவளுடையது அல்ல, பார்த்தவளுடையது. மற்றப் பெண்கள் பெல் அடித்ததும் அந்தச் சட்டத்தை டேபிள் மேலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவள் கையோடு எடுத்துக்கொண்டு போவாள்.

கம்பெனி பஸ்ஸில் சீட் கிழிந்திருந்தால் அங்கே ஒரு அம்பு. கேன்டீன் தட்டு நெளிந்திருந்தால் அதில் ஒன்று. சூப்பர்வைசர் சட்டையில் பொத்தான் விழுந்த இடத்தில் ஒருமுறை ஒட்டிவிட்டாள் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

அவள் சேர்ந்த புதுசில் நடந்த ஒன்றை எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், கொஞ்சம் எரிச்சலோடு. ஒரு சாயங்காலம் பெல் அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, காலையில் தான் பாஸ் பண்ணிய ஒரு ஜோடியில் இடது கால் நாக்கு, லேஸுக்கு அடியில் இருக்கும் தோல் துண்டு, ஒரு நூல் அளவு சாய்ந்திருந்ததாக அவளுக்கு ஞாபகம் வந்ததாம். பார்த்தபோது சந்தேகம் வரவில்லை. மத்தியானம் சோறு தின்னும்போது லேசாக உறுத்தி, சாயங்காலம்தான் தெளிவாயிருக்கிறது. நேரே பேக்கிங்குக்குப் போய், டேப் ஒட்டி அடுக்கியிருந்த பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னாள். எந்தப் பெட்டி என்று தெரியாது. முப்பது பெட்டிக்கு மேல் பிரித்தார்கள். பேக்கிங் ஆட்கள் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். ஜோடி கிடைத்தது. நாக்கு சாய்ந்துதான் இருந்தது. நாட்றம்பள்ளி பஸ் ஒரு மணி நேரம் அவளுக்காக நின்றது. ஊர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் ஒருத்தரும் அவளோடு பேசவில்லை.

“உனக்குப் பேஜாரா இல்லியா?” என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

“இன்னாத்துக்கு? அதான் கெடச்சிடிச்சே” என்றாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். புதுப்புடவை, தலை நிறைய கனகாம்பரம், மகளுக்கு ஒரு கவுன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேலே பார்த்து, “ஸ்டார் சாய்ஞ்சிருக்கு ஆன்ட்டி” என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே நேராக்கினாள். சாப்பிடும்போது, பிரியாணியில் ஒரு பக்கம் உப்பு ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மி என்றாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் போன பிறகு, “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். வாய்தான் ஒரு மாதிரி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து, “உப்பு அவ சொன்ன மாதிரிதான் இருக்கு” என்று குரல் வந்தது.

இப்படிப்பட்டவள் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஜி.எம். சார், அதாவது ஜெனரல் மேனேஜர், ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். ஜனவரிக் கடைசியில் சென்னையில் தோல் கண்காட்சி. அதற்குள் கம்பெனிக்கு ஒரு வெப்சைட் வேண்டும். “உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமேம்மா” என்றார். டைப் அடிக்கத் தெரிந்தவளுக்கு ராக்கெட்டும் விடத் தெரியும் என்று நினைத்த காலம் அது. எனக்கும் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. நெட்டில் தேடினேன். வெப்சைட் செய்வது எப்படி என்று ஒருவர் பாடம் பாடமாக வீடியோ போட்டிருந்தார். பாடம் ஒன்று, பாடம் இரண்டு என்று நாற்பதுக்கு மேல். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இலவசம்.

அவர் முகம் தெரியாது. ஒரு கம்ப்யூட்டர் திரை மட்டும் தெரியும், அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழும், பின்னால் ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில் பேசும். எந்த ஊர்க்காரரோ. நடுநடுவே இருமுவார். தூரத்தில் ஒரு நாய் குரைக்கும். அவர் அடிப்பதைப் பார்த்து நான் அடித்தேன். கடைசியில் ஒரு பட்டனை அழுத்தினால் அவருக்கு அழகாக ஒரு பக்கம் வந்தது. எனக்கு வெறும் வெள்ளை. மூன்று நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க இப்படியே போயிற்று.

நான்காம் நாள் அவள் ரிப்போர்ட் கொடுக்க வந்தாள். கையில் டிபன் பாக்ஸ். என் முதுகுக்குப் பின்னால் நின்று வீடியோவை முழுசாகப் பார்த்தாள். பிறகு என் திரையைப் பார்த்தாள்.

“மேடம், அவரு மூணாவது வரியில தப்பா அடிச்சாரு இல்ல? அப்புறமா திரும்பி வந்து திருத்தினாரு. நீ தப்ப மட்டும் அடிச்சிருக்க. திருத்தினத அடிக்கல.”

வீடியோவைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். அவர் ஏதோ பேசிக்கொண்டே மேலே போய், ஒரு சாய்ந்த கோட்டைச் சேர்த்துவிட்டுக் கீழே வருகிறார். கண் சிமிட்டும் நேரம். அதை நானும் சேர்த்தேன். பக்கம் வந்தது. வெள்ளையில் நீல எழுத்தில் ஒரு தலைப்பு, அவ்வளவுதான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

“அந்த எழுத்தெல்லாம் உனக்குப் புரிஞ்சிதா?” என்றேன்.

“புரியல. ஆனா ரெண்டும் ஒண்ணா இல்லியே” என்றாள்.

அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கீபோர்டு அவளிடம் போயிற்று. ஒரே இயர்ஃபோன், ஆளுக்கு ஒரு காது. அவர் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், அவள் பார்த்து அடிப்பாள். நான் காது, அவள் கண்ணும் கையும். ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையால் புளிச்சோறு தின்பாள். கீபோர்டில் ஒரு பருக்கை விழுந்து நான் பார்த்ததில்லை. இரண்டே வாரத்தில் நான் மொழிபெயர்க்கும் முன்பே அவள் விரல் போய்விடும். அதற்குப் பிறகு என் வேலை என்ன என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் இயர்ஃபோனின் ஒரு முனையை என் காதிலிருந்து நான் எடுக்கவில்லை.

வீடியோ பார்ப்பது அன்று அத்தனை சுலபமில்லை. பத்து நிமிஷ வீடியோ முழுசாக ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் பதினொன்றரைக்கே நான் வீடியோவைப் போட்டு நிறுத்திவைத்துவிடுவேன். கீழே சாம்பல் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முனையைத் தொட்டிருந்தால் அன்று பாடம் உண்டு. அது கரன்ட் போகும் காலம். கரன்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். மெஷின்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மாறுகிற அந்த நொடியில் கம்ப்யூட்டர் அணைந்து எரியும், ஏறியதெல்லாம் போய்விடும். அவள் பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, “ஏறிச்சா?” என்பாள். இல்லை என்று நான் தலையாட்டினால் முந்தைய பாடத்தின் நோட்டை எடுத்து உட்கார்ந்துகொள்வாள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செக்கிங் ஷீட்டைப் போலவே மூன்று கட்டம் கிழித்திருந்தாள். இடம், குறை, சரி செய்த விதம். வீடியோக்காரர் எந்த நிமிஷத்தில் என்ன தப்பு செய்தார், எப்படித் திருத்தினார் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். அவர் சரியாகச் செய்த எதையும் அவள் எழுதவில்லை.

“அதையும் எழுதிக்கோயேன், மறந்துடப் போற” என்றேன்.

“சரியா இருக்கறத இன்னாத்துக்கு எழுதணும்? அது பாட்டுக்கு இருக்கும். தப்பு வந்த எடந்தான் மறுபடியும் தப்பு வரும்.”

நான் வேறொரு தளத்தில் வேறொருவர் போட்ட பாடங்களைக் கண்டுபிடித்தேன். பளிச்சென்று இருந்தது. பின்னணியில் இசை, இருமல் கிடையாது, நாய் கிடையாது, ஒரு எழுத்துகூடத் தப்பாக விழவில்லை. இவளுக்குப் பிடிக்கும் என்று பெருமையாகக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு இயர்ஃபோனைக் கழற்றினாள்.

“இவரு வேணாம். எங்கயோ மறைக்கறாரு.”

“தப்பே பண்ணல, அதுக்கு இன்னா?”

“தப்பு பண்ணாம யாரு அடிப்பா? பண்ணிட்டு வெட்டி எடுத்துட்டிருக்காரு. நமக்கு தப்பு வந்தா இவரு ஒதவ மாட்டாரு.”

மறுபடியும் இருமல்காரரிடமே போனோம். அவர் ஒருமுறை ஒரு தப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் நாலு நிமிஷம் தடுமாறினார். ‘மன்னிக்கவும், மன்னிக்கவும்’ என்று சொல்லிக்கொண்டே தேடினார். இவள் திரைக்கு அருகில் குனிந்து, “மேல, மேல, ரெண்டு வரி மேல” என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் கடைசியில் அங்கேதான் கண்டுபிடித்தார். அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த நாளும் பார்க்கவில்லை.

இதற்குள் ஃபேக்டரியில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் கடைகளை மூடுகிறார்கள் என்றார்கள். ஆர்டர் குறைந்தது. இரண்டாவது ஷிஃப்ட் நின்றது. மூன்றாவது லைனை நிறுத்தப்போகிறார்கள் என்று கேன்டீனில் பேச்சு. அவள் மூன்றாவது லைன் செக்கிங்கில்தான் இருந்தாள். பெங்களூரில் கட்டிட வேலையும் படுத்துவிட்டது. புருஷன் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் நாட்கள் கூடிக்கொண்டே போயின.

நான் ஜி.எம். சாரிடம் போய், வெப்சைட்டை உண்மையில் செய்வது யார் என்று சொன்னேன். அந்த ஒரு நல்ல காரியத்தை நான் செய்தேன், அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அவர் புருவத்தைத் தூக்கினார். “லைன்ல இருந்தா? பண்ணட்டும். நல்லா வந்துச்சுன்னா ஆபீஸுக்கு எடுத்துக்கலாம். வெப்சைட்ட பாத்துக்க ஒரு ஆள் வேணும்தானே” என்றார்.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். கையில் இருந்த ஷூவைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். அப்புறம் மெதுவாக, “ஆபீஸ் சீட்டு ஆர்டர் கம்மியானாலும் இருக்குமில்ல?” என்றாள்.

“இருக்கும்.”

“அப்ப பாத்து பண்ணணும்” என்றாள். இதுவரை ஏதோ பார்க்காமல் செய்ததைப் போல.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு வெப்சைட் தயார். நாலு பக்கம். முதல் பக்கத்தில் மூன்று ஷூக்கள் வரிசையாக. எல்லா ஷூவின் மூக்கும் இடது பக்கம் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் படங்களை இரண்டு முறை எடுத்தோம். பார்க்க நன்றாகவே இருந்தது. நான் பூரித்துப் போயிருந்தேன். மறுநாள் பன்னிரண்டரைக்கு ஜி.எம். சார் சாம்பிள் ரூமுக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலம், ஜி.எம். சார் இல்லாத நேரம், அவர் ரூம் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் என்ன என்றாள். அது பழைய மெஷின், பழைய பிரௌசர். திறந்தோம். இரண்டு ஷூதான் வரிசையில் நின்றது. மூன்றாவது கீழே விழுந்து, அதன் மூக்கின் மேல் கம்பெனி முகவரி ஏறி உட்கார்ந்திருந்தது. அவள் நோட்டைப் புரட்டினாள். இருமல்காரர் இந்தக் கோளாறைப் பற்றி ஏதோ ஒரு பாடத்தில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பாடத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை. அன்று ஏற்றிப் பார்க்க நேரமும் இல்லை, நாட்றம்பள்ளி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பன்னிரண்டு இருபதுக்கு நான் ரூமுக்குள் வந்தபோது என் மானிட்டர் கண்ணாடியில் மூன்றாவது ஷூவுக்கு நேராக ஒரு சிவப்பு அம்பு. கீழே முகவரிக்கு நேராக இன்னொன்று. சார் வருகிறார் என்று சீக்கிரமே வந்து அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

லைனில் அது மரியாதை. வெளிநாட்டுக்காரர் சாம்பிள் பார்க்க வரும்போது, குறையை அவர் கண்டுபிடிக்கும் முன்பு நாமே அம்பு ஒட்டி நீட்ட வேண்டும். அப்போதுதான் மற்றதை நம்புவார். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் இதைவிட நல்ல பழக்கம் கிடையாது. ஆனால் ஆபீஸில் யாரும் தன் காகிதத்தில் தானே அம்பு ஒட்டிக்கொண்டு உள்ளே போவதில்லை. நான் இரண்டையும் நகத்தால் பிய்த்து எடுத்தேன்.

“இன்னா பண்ற?” என்றாள்.

“இந்தக் கம்ப்யூட்டர்ல நல்லாதான் இருக்கு. சாரு இதுலதான் பாக்கப் போறாரு. பாக்கட்டும், சரின்னு சொல்லட்டும். சீட்ட வாங்கிக்கோ. அப்புறமா பாடத்தப் பாத்து சரி பண்ணிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?”

“ஷூ வாங்கறவன் எந்தக் கம்ப்யூட்டர்ல பாப்பான்னு உனக்குத் தெரியுமா?”

“உன் பொண்ண நெனச்சுப் பாரு” என்றேன். அது என் கடைசி ஆயுதம்.

அதற்குள் சார் வந்துவிட்டார்.

நின்றுகொண்டே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நாலு பக்கத்தையும் அவரே அழுத்தி அழுத்திப் பார்த்தார். “நல்லாருக்கேம்மா. சென்னைல பண்ணின மாதிரி இருக்கே” என்றார். அவள் பக்கம் திரும்பி, “எவ்ளோ படிச்சிருக்க?” என்றார். பன்னிரண்டு என்றாள். அவர் தலையை ஆட்டியதில் ஒரு முடிவு தெரிந்தது. நான் மேஜைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன்.

“சார், ஒண்ணு சரியில்ல” என்றாள்.

“இன்னாது?”

“உங்க ரூம்ல வந்து பாருங்க சார்.”

மூன்று பேரும் போனோம். அவளே திறந்து காட்டினாள். கீழே விழுந்து கிடந்த மூன்றாவது ஷூவை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“எவ்ளோ நாள் ஆகும் சரி பண்ண?”

“ஒரு வாரம் சார். அதுக்கு ஒரு பாடம் இருக்கு. அதை இன்னும் பாக்கல.”

“எந்த கிளாஸ்ல படிக்கற?”

“கிளாஸ் இல்ல சார். வீடியோ. நெட்ல சும்மா போட்டிருக்காங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. “வீடியோ பாத்துப் பண்ணினதா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “பரவால்லம்மா. நல்லா முயற்சி பண்ணியிருக்கீங்க. ஒரு வாரம் டைம் இல்ல. சென்னைல ஒரு ஆளு இருக்கான், அவன்கிட்ட குடுத்துடறேன்.”

வெளியே வந்ததும் நான் அவளைத் திட்டினேன். உனக்கு மூளை இருக்கா, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவளை இன்றுதான் பார்க்கிறேன், என்னையும் தலைகுனிய வைத்துவிட்டாய். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். “விட்டிருந்தா நைட்டெல்லாம் அதுதான் தெரியும் எனக்கு” என்றாள். பெல் அடித்தது, லைனுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் அவளோடு பேசவில்லை. கோபம் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் நின்றால் நான் சின்னவளாகத் தெரிவது எனக்குப் பொறுக்கவில்லை என்பதுதான் நிஜம்.

கண்காட்சி முடிந்தது. மூன்றாவது லைனை நிறுத்தினார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

கடைசி நாள் பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. தலை மட்டும் உள்ளே வந்தது.

“ஏறிச்சா?”

நான் அன்று பத்து மணிக்கே அந்தப் பாடத்தைப் போட்டுவைத்திருந்தேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் தெரியாது. “ஏறிடிச்சு” என்றேன். அவள் வந்து உட்கார்ந்தாள், டிபன் பாக்ஸைத் திறந்தாள், இயர்ஃபோனின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இருமல்காரர் அந்தக் கோளாறைச் சரிசெய்யும்போது தானே ஒருமுறை தப்பு செய்தார். நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு எங்கள் வெப்சைட்டில் அந்த இடத்தைத் திறந்து மூன்று வரி மாற்றினாள். யாருக்கும் வேண்டாத வெப்சைட். சென்னைக்காரர் செய்த வேறொன்று அதற்குள் நெட்டில் ஏறிவிட்டிருந்தது. ஜி.எம். ரூம் காலியாக இருந்தது, போய்த் திறந்து பார்த்தோம். மூன்று ஷூவும் வரிசையில் நின்றன. அவள் திரைக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோய் இடமிருந்து வலம் ஒருமுறை, வலமிருந்து இடம் ஒருமுறை பார்த்தாள்.

“இப்ப போலாம்” என்றாள்.

ஒரு சி.டி.யில் எல்லாவற்றையும் போட்டு அவளிடம் கொடுத்தேன். “வீட்டுல எதுல போட்டுப் பாக்கறது? நீயே வெச்சுக்கோ மேடம்” என்று என் மேஜைமேல் வைத்துவிட்டு, கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட ஆபீஸுக்குப் போனாள்.

அதே வருஷக் கடைசியில் வேலூரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். வெப்சைட் செய்துகொடுக்கிற கம்பெனி. சர்டிபிகேட் கேட்கவில்லை, செய்ததைக் காட்டச் சொன்னார்கள். அந்த சி.டி.யைக் கொடுத்தேன். மூன்று விதமான பிரௌசரில் திறந்து பார்த்தார் அங்கிருந்தவர். மூன்றிலும் ஷூக்கள் அசையவில்லை.

“பழைய பிரௌசர்ல எங்க ஆளுங்களே தடுமாறுவாங்க. இது நீங்க பண்ணினதா?”

“ரெண்டு பேர் பண்ணினோம் சார்.”

“இன்னொருத்தர் யாரு? பேர சொல்லுங்க, எங்களுக்கு ரெண்டு ஆள் வேணும்.”

அவள் வாணியம்பாடிப் பக்கம் ஒவ்வொரு ஃபேக்டரியாக ஏறி இறங்கி வேலை கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் பக்கத்து வீட்டு போன் நம்பரும் என் பர்ஸில் இருந்தது. ஆனால் அவள் இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால், நான் வெறும் காது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். யோசித்தது ஒரு மூச்சு நேரம் இருக்கும்.

“அவங்க கல்யாணமானவங்க சார். வேலூர் வரைக்கும் வர மாட்டாங்க” என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த ஒரு வருஷம் ராத்திரியும் பகலுமாக அதே இருமல்காரரின் பாடங்களை முதலிலிருந்து பார்த்து, அவள் அறிந்ததை எல்லாம் தனியாகக் கற்றுக்கொண்டேன். அந்த வேலையில்தான் இன்றுவரை இருக்கிறேன். அவளை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் சில வருஷம் தலைகுனிந்து நடந்திருக்கிறேன்.

இவ்வளவு எழுதிய நான் அவள் பெயரை மட்டும் ஏன் எழுதவில்லை என்று தோன்றலாம். மறந்துபோகவில்லை. அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அவளுக்கு உதவியிருக்கும் என்ற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே என்னைக் கேட்டார்கள், நான் சொல்லவில்லை. இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.